விளம்பர வேலையை ஏஜென்சியிடம் கொடுக்கலாமா? (மலேசியா, பேராக், சுங்கை சிப்புட்; மசாலாத் தூள் தொழில்)

மாவரைப்பு | 3 ஆகஸ்ட் 2025, காலை 10.15

சுங்கை சிப்புட்டில் மசாலாத் தூள், முறுக்கு, ஓமப்பொடி செய்து விற்கிறோம். நான், என் வீட்டுக்காரர், உதவிக்கு ஓர் அக்கா. மாத விற்பனை 18,000 வெள்ளி (ரிங்கிட்) வரை. ஈப்போவில் ஒரு விளம்பர ஏஜென்சி மாதம் 1,800 வெள்ளி கேட்கிறது. 12 போஸ்டர், 4 ரீல்ஸ், பேஸ்புக் விளம்பரக் காசு 600 வெள்ளி எல்லாம் அதற்குள். ஆறு மாத ஒப்பந்தம். இந்த வாரமே கையெழுத்துப் போட்டால்தான் தீபாவளிக்கு இடமாம். அந்தக் காசுக்கு ஓர் ஆளையே வைத்துக்கொள் என்கிறார் அண்ணன். எது சரி?

ஒட்டுப்பால் | 3 ஆகஸ்ட், மதியம் 1.30

கையெழுத்துப் போடாதீர்கள் தங்கச்சி. தீபாவளி அக்டோபர் 20-இல். இன்னும் பதினொரு வாரம் கிடக்கிறது, இந்த வாரம் ஒன்றும் ஓடிவிடாது.

முதலில் ஒரே ஒரு கணக்கு. அதிகம் போகும் பாக்கெட் எது, என்ன விலை, சாமான் எவ்வளவு, பை லேபிள் எவ்வளவு, கூலி கரண்ட் எவ்வளவு? அதைச் சொன்னால்தான் 1,800 பெரிய காசா சின்னக் காசா என்று தெரியும்.

மாவரைப்பு | 3 ஆகஸ்ட், இரவு 9.40

200 கிராம் கறி மசாலா, 6 வெள்ளி. சாமான் 2.60, பையும் லேபிளும் 0.45, கூலி 0.50, கேஸ் கரண்ட் 0.25. மாதம் 2,000 பாக்கெட் போகிறது. பாதி நேரடியாக, பாதி மளிகைக் கடைகளில். கடைக்காரர் 20 சதவீதம் எடுத்துக்கொள்வார்.

ஒட்டுப்பால் | 3 ஆகஸ்ட், இரவு 10.20

பாக்கெட்டுக்கு 2.20 நிற்கிறது. 1,800-ஐ அதால் வகுத்தால் 819. இப்போது விற்பதற்கு மேல் மாதாமாதம் 819 பாக்கெட் நேரடியாகப் போனால்தான் ஏஜென்சி காசு திரும்பும், உங்களுக்கு ஒரு காசு மிஞ்சாது. கடை வழியாகப் போனால் 1.20 கடைக்காரருக்கு. பாக்கெட்டுக்கு 1 வெள்ளிதான் மிச்சம், 1,800 பாக்கெட் விற்க வேண்டும். போஸ்டர் அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன் இந்த இரண்டு எண்ணையும் மில் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

கிராணி வீட்டுப் பிள்ளை | 4 ஆகஸ்ட், காலை 7.50

அண்ணே, ஒரு திருத்தம். அந்த அக்காவுக்கு மாதச் சம்பளம் என்றால் கூலி 0.50-ஐ ஒவ்வொரு பாக்கெட்டிலும் கழிக்கக் கூடாது. கூடுதலாக விற்றாலும் சம்பளம் அதேதான். நிற்பது 2.70. நேரடி விற்பனைக்கு 667 பாக்கெட், கடை வழி 1,200. அக்காவால் இதற்கு மேல் முடியாது, இன்னோர் ஆள் வேண்டும் என்கிற கட்டம் வந்தால்தான் உங்கள் கணக்கு பொருந்தும்.

இன்னொன்று. பேஸ்புக் விளம்பரத்துக்கு 8 சதவீதச் சேவை வரி உண்டு. ஏஜென்சி சொல்லும் 600 வரியோடா, வரி இல்லாமலா? வரியோடு என்றால் விளம்பரத்தில் ஓடுவது 555தான். பேஸ்புக் தரும் ரசீதையே மாதாமாதம் கேட்டு வாங்குங்கள். ஏஜென்சி தன் லெட்டர்ஹெட்டில் அடித்துத் தருவது போதாது.

ஒட்டுப்பால் | 4 ஆகஸ்ட், மதியம் 12.40

சரிதான், 667 என்றே வைத்துக்கொள்வோம்.

அந்த 667 பாக்கெட்டை அரைக்க முடியுமா தங்கச்சி? 133 கிலோ. இப்போது அரைப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். அக்டோபரில் பேராக் பக்கம் மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும், மல்லியும் மிளகாயும் வெயிலில் காயாது. அவசரத்தில் மெஷினை நிறுத்தாமல் ஓட்டினால் தூள் சூடேறி நிறம் கருக்கும், வாசம் போகும். சூடு ஆறுவதற்குள் பையில் போட்டு ஒட்டினால் உள்ளே வியர்த்துக் கட்டி பிடிக்கும், பூசணமும் வரும். விளம்பரம் கொண்டுவந்த புது ஆளுக்கு முதல் பாக்கெட்டே கட்டி பிடித்ததாகப் போனால் அந்த வீடு திரும்பி வராது. செப்டம்பர் கடைசிக்குள் காயவைத்து மூட்டை கட்டி வைக்க வேண்டியது எத்தனை கிலோ என்று முதலில் எழுதுங்கள். அந்த அளவுக்கு மேல் ஆர்டர் வரும்படி விளம்பரம் ஓட்ட வேண்டாம்.

கிராணி வீட்டுப் பிள்ளை | 5 ஆகஸ்ட், இரவு 8.15

அண்ணன் சொன்ன ‘ஓர் ஆளை வை’ கணக்கு. ஐந்து பேருக்குக் குறைவான இடத்துக்கும் இந்த ஆகஸ்ட் 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. முதலாளி பங்கு ஈபிஎப் (ஊழியர் சேமநிதி) 13 சதவீதம், 221 வெள்ளி. சொக்சோ (சமூகப் பாதுகாப்பு), இஐஎஸ் (வேலைக் காப்புறுதி) சேர்த்து ஏறக்குறைய 32. ஆக 1,953. இதில் விளம்பரக் காசு இல்லை, போன் இல்லை, விடுமுறைச் சம்பளம் இல்லை.

ஏஜென்சியின் 1,800-இல் 600 விளம்பரத்துக்குப் போகிறது, வேலைக்கு 1,200. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள், வாங்குவது வேறு வேறு. ஆள் வைத்தால் போன் எடுப்பார், பை கட்டுவார், கொரியருக்கு ஓடுவார். படம் பிடிக்கவும் விளம்பரம் அமைக்கவும் எழுதவும் தெரிந்த ஒருவர் 1,700-க்கு அமைவது கடினம்.

செம்பனை ரோடு | 5 ஆகஸ்ட், இரவு 11.05

அக்கா, ‘மார்க்கெட்டிங்கைக் கொடுக்கலாமா’ என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. பிரித்துப் போடுங்கள். படம் பிடிப்பது, ரீல்ஸ், போஸ்டர், விளம்பரம் அமைத்து ஓட்டுவது, வாட்ஸ்அப்பில் பதில் சொல்வது, கூகுள் மேப் பக்கம், பழைய வாடிக்கையாளருக்குச் செய்தி போடுவது. இதில் வாட்ஸ்அப் பதிலையும் பழைய வாடிக்கையாளரையும் ஒருபோதும் வெளியே கொடுக்காதீர்கள். ‘காரம் எப்படி இருக்கும், சைவமா, மீன் கறிக்கு ஆகுமா’ என்று கேட்பவருக்கு ஈப்போவில் உட்கார்ந்திருக்கும் பையன் என்ன சொல்வான்? படமும் விளம்பர அமைப்பும் கொடுக்கலாம், வந்த பொருளைப் பார்த்துச் சரியா தப்பா என்று உங்களாலேயே சொல்ல முடியும். போஸ்டருக்கு மாதம் 12 எதற்கு? ‘இனிய திங்கள்’ போஸ்டரால் ஒரு பாக்கெட்கூட நகராது.

ஒட்டுப்பால் | 8 ஆகஸ்ட், காலை 6.30

யாரிடம் கொடுத்தாலும் சாவி உங்களிடம் இருக்க வேண்டும். நம் ஊர்க் கடைகள் அதிகம் இழப்பது இங்கேதான், அதனால் நீட்டி எழுதுகிறேன்.

பேஸ்புக். அதை நடத்தும் மெட்டாவில் பிசினஸ் போர்ட்ஃபோலியோ (பக்கம், விளம்பரக் கணக்கு எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைக்கும் வணிகக் கணக்கு) ஒன்றை உங்கள் பெயரில் திறந்து பக்கத்தை அதற்குள் சேருங்கள். விளம்பரக் கணக்கையும் அதற்குள்ளேயே புதிதாகத் திறங்கள், நாணயம் ரிங்கிட், நேரம் கோலாலம்பூர், கார்டு உங்களுடையது. ஏஜென்சியின் போர்ட்ஃபோலியோவுக்குள் திறந்த விளம்பரக் கணக்கை அப்புறம் வெளியே எடுத்துத் தர முடியாது. யார் பார்த்தார்கள், எது விற்றது என்ற வரலாறு முழுக்க அவர்களிடமே தங்கிவிடும். ஏஜென்சியை ‘பார்ட்னர்’ என்று சேர்த்து விளம்பரம், பதிவு வேலைக்கு மட்டும் அனுமதி கொடுங்கள், முழுக் கட்டுப்பாடு வேண்டாம். முழுக் கட்டுப்பாடு உங்களுக்கும் உங்கள் வீட்டுக்காரருக்கும். ஒருவர் போன் தொலைந்தாலும் மற்றவர் உள்ளே போகலாம். இரண்டு பேருக்கும் இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம். பாஸ்வோர்டை யாருக்கும் அனுப்பாதீர்கள், அதற்குத் தேவையே இல்லை.

கூகுள் மேப். முதன்மை உரிமையாளர் நீங்கள், ஏஜென்சி மேலாளர் மட்டும்.

வாட்ஸ்அப். பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் எண்தான் விளம்பரத்திலும். ‘எங்கள் எண்ணைப் போட்டால் ரிப்போர்ட் எடுக்க வசதி’ என்பார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் அந்த எண்ணோடு வாடிக்கையாளரும் போய்விடுவார்கள். அவர்கள் செய்திகளைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால், உங்கள் வாட்ஸ்அப் பிசினஸில் இணைக்கப்பட்ட சாதனமாக அவர்கள் கணினியைச் சேருங்கள். நான்கு சாதனம் வரை சேர்க்கலாம், வேண்டாத நாளில் உங்கள் போனிலிருந்தே வெளியேற்றலாம்.

ஒட்டுப்பால் | 8 ஆகஸ்ட், காலை 6.55

மேலே எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். கணினியைச் சேர்த்தால் பழைய உரையாடல், பெயர், முகவரி எல்லாம் அவர்கள் கண்ணில் படும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 இருக்கிறது, வாடிக்கையாளர் விவரத்தைக் காக்கும் பொறுப்பு உங்களுடையது. ஆகவே சேர்க்காமலிருப்பதே மேல். எக்செல் கோப்பாக எண் பட்டியலையும் அனுப்பாதீர்கள்.

செம்பனை ரோடு | 12 ஆகஸ்ட், இரவு 9.20

பேஸ்புக் விளம்பரத்துக்கு இடம் குறிப்பதில் நடக்கும் தவறு. பட்டியலில் ஊர்ப் பெயரைத் தட்டித் தேர்ந்தெடுக்காதீர்கள். மலாக்காவிலும் ஒரு சுங்கை சிப்புட் இருக்கிறது. நகரம் என்று தேர்ந்தெடுத்தால் சுற்றளவு 17 கிலோமீட்டருக்குக் கீழே இறங்காது. வரைபடத்தில் நீங்களே பின் (இடக்குறி) குத்தினால் அதைவிட நன்றாகக் குறுக்கலாம். கடைத்தெருவில் ஒரு பின், தோட்டப்பக்கம் ஒன்று, கோலக்கங்சாரில் ஒன்று. ஈப்போவை முதல் மாதம் சேர்க்கவே வேண்டாம். அங்கே மசாலாப் போட்டி பெரிது, காசு கரைந்துவிடும்.

மொழி என்ற கட்டத்தில் ‘தமிழ்’ என்று போடுவார்கள், அதுவும் தப்பு. அது பேஸ்புக்கை எந்த மொழியில் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்க்கிறது. நம் ஆட்கள் பலர் அதை ஆங்கிலத்திலோ மலாயிலோ வைத்திருக்கிறார்கள். தமிழ் என்று போட்டால் தமிழ் வீடுகள் பல விட்டுப்போகும். கட்டத்தைக் காலியாக விடுங்கள், எழுத்தைத் தமிழிலும் மலாயிலும் போடுங்கள்.

ஒட்டுப்பால் | 12 ஆகஸ்ட், இரவு 10.45

இடத்தைவிட நாள் முக்கியம். வேலைச் சட்டம் 1955-படி சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் போட வேண்டும். தோட்டத்திலும் சரி, பாக்டரியிலும் சரி, 7-ஆம் தேதிக்குள் கையில் காசு வந்துவிடும். ஹீவூட், டோவன்பி, எல்பில், கமுனிங் தோட்டங்களின் பக்கத்துக் குடும்பங்கள் மாதச் சாமான் வாங்க டவுனுக்கு வருவது அதை ஒட்டிய சனி, ஞாயிறு. ஏஜென்சி 600 வெள்ளியை 30-ஆல் வகுத்து நாளுக்கு 20 என்று ஓட்டும். 22-ஆம் தேதி மசாலா விளம்பரம் பார்ப்பவர் லைக் போடுவார், வாங்க மாட்டார். 5 முதல் 12 வரை நாளுக்கு 40, மற்ற நாளில் 5 அல்லது சுழியம் என்று எழுதிக் கொடுங்கள்.

கிள்ளானிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்யும் பிள்ளைகளுக்குத் தனி விளம்பரம். ‘அம்மா வீட்டுக்கு ஒரு தீபாவளிப் பெட்டி’ என்பது போல. அது செப்டம்பர் சம்பளத்திலேயே தொடங்க வேண்டும். அக்டோபர் 10-க்கு மேல் கொரியர் நெரிசலில் முறுக்கு நொறுங்கிப் போய்ச் சேரும்.

செம்பனை ரோடு | 13 ஆகஸ்ட், காலை 8.10

அண்ணே, நாளுக்கு நாள் தொகையை ஏற்றி இறக்கினால் மெட்டாவின் கற்றல் கட்டம் (யாருக்குக் காட்டினால் பலன் என்று அது பழகும் காலம்) குலையும். ஒரு விளம்பரத் தொகுப்புக்கு வாரத்தில் 50 பலன் கிடைத்தால்தான் அது நிலைப்படும்.

ஒட்டுப்பால் | 13 ஆகஸ்ட், மதியம் 1.15

உண்மைதான். ஆனால் நாளுக்கு 20 வெள்ளிக்கு வாரம் 50 ஆர்டர் எப்படியும் வராது, அதனால் இங்கே குலைவதற்கு ஒன்றுமில்லை. ‘ஆர்டர்’ என்று குறி வைக்காமல் ‘வாட்ஸ்அப் உரையாடல்’ என்று வையுங்கள், 50-ஐத் தொட வாய்ப்புண்டு. தொகையை ஏற்றி இறக்காமல், சம்பள வாரத்துக்கு மட்டும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி போட்டுத் தனி விளம்பரமாக வைப்பது நீங்கள் சொன்னதற்கும் ஒத்துவரும். 5-ஆம் தேதி ஓட வேண்டுமானால் 3-ஆம் தேதியே ஏற்றிவிடுங்கள், பரிசீலனைக்கு ஒரு நாள் போகும்.

கிராணி வீட்டுப் பிள்ளை | 20 ஆகஸ்ட், இரவு 7.30

எழுத்தில் எச்சரிக்கை. வெந்தயம் சேர்த்த பொடிக்கு ‘சர்க்கரை நோய் குறையும்’ என்று ஏஜென்சி எழுதினால் அன்றே எடுக்கச் சொல்லுங்கள். நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதை மருந்துகள் (விளம்பரம், விற்பனை) சட்டம் 1956 தடுக்கிறது. ஹலால் சான்றிதழ் இல்லாமல் ‘ஹலால்’ என்ற சொல்லையும் போடக் கூடாது. ‘எங்களுக்குத் தெரியாது, ஏஜென்சி எழுதியது’ என்று தப்ப முடியாது, பொருள் உங்களுடையது. எதுவும் உங்கள் ‘ஓகே’ இல்லாமல் வெளியே போகக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

பேனர் கட்டப் போகிறார்கள் என்றால் கோலக்கங்சார் நகராண்மைக் கழகத்தின் அனுமதி யார் பெயரில், யார் காசில் என்று கேளுங்கள். அனுமதி இல்லாத பேனரைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஒட்டுப்பால் | 27 ஆகஸ்ட், இரவு 10.10

ஒப்பந்தத்தில் கேட்க வேண்டியவை. ஆறு மாதம் இல்லை, மூன்று. இடையில் நிறுத்த 30 நாள் முன்னறிவிப்பு, அபராதம் இல்லை. விளம்பரக் காசு உங்கள் கார்டிலிருந்து நேராக மெட்டாவுக்கு, ஏஜென்சி பில்லில் வேலைக் கூலி மட்டும். படங்களின் மூலக் கோப்பு, வெட்டாத வீடியோ எல்லாம் மாதக் கடைசியில் உங்கள் டிரைவில்.

பதிப்புரிமைச் சட்டம் 1987-படி காசு கொடுத்துச் செய்யச் சொன்ன வேலையின் உரிமை சொல்லிச் செய்வித்தவருக்கே போகும், ஒப்பந்தம் வேறாகச் சொல்லாதவரை. இந்த ‘சொல்லாதவரை’யைத்தான் கவனிக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘எல்லா வடிவமைப்பும் ஏஜென்சிக்கே சொந்தம்’ என்று ஒரு வரி இருந்தால் உங்கள் பாக்கெட் லேபிளே கைவிட்டுப் போகும்.

மாவரைப்பு | 30 ஆகஸ்ட், இரவு 9.00

பேசினேன். முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு ஒத்துக்கொண்டார்கள். செப்டம்பர் முதல் மூன்று மாதம். விளம்பரம் அமைத்து ஓட்ட 400, ரீல்ஸ் நான்குக்கு 300. போஸ்டர் இல்லை. மெட்டாவுக்கு என் கார்டில் 400, வரியோடு 432. மொத்தம் 1,132. 2.70-ஆல் வகுத்தால் 420 பாக்கெட். அது என்னால் அரைக்க முடிகிற அளவு. எது எங்கிருந்து வந்தது என்று எப்படிப் பிரிப்பது?

செம்பனை ரோடு | 31 ஆகஸ்ட், காலை 9.30

ஒவ்வொரு விளம்பரத்திலும் வாட்ஸ்அப் பொத்தானைத் தட்டினால் தானே வரும் முதல் வரியை வேறு வேறாக வையுங்கள். ஒன்றில் ‘தீபாவளிப் பெட்டி வேண்டும்’, இன்னொன்றில் ‘கறி மசாலா விலை என்ன’. கடைக்கு நேரில் வருபவரிடம் வாயால் கேளுங்கள். கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டு. தேதி, இடம், வாங்கியது, புதியவரா பழையவரா, எங்கே பார்த்தார். அந்த அக்கா எழுதும் அளவுக்குச் சுருக்கமாக இருந்தால்தான் நடக்கும்.

பாக்கெட்டுக்குள் ஒரு சின்ன அட்டை போட்டு ‘எங்கள் எண்ணைச் சேமியுங்கள்’ என்று எழுதுங்கள். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே செய்தி போகும்.

ஒட்டுப்பால் | 14 செப்டம்பர், இரவு 8.50

ஆகஸ்ட் 3-இல் நான் எழுதியதை மறுபடி படித்தேன். அந்த மாதமே காசு திரும்ப வேண்டும் என்பது அளவுக்கு மீறிய கறார். 200 கிராம் தூள் ஒரு குடும்பத்துக்கு மூன்று, நான்கு வாரம் வரும். பிடித்திருந்தால் அடுத்த மாதம் விளம்பரம் இல்லாமலே வருவார்கள். புதியவர் 45 நாளுக்குள் திரும்ப வந்தாரா என்று நோட்டில் இன்னொரு பத்தி சேருங்கள். முறுக்குப் பெட்டிக்கு இது பொருந்தாது, அது தீபாவளியோடு முடிந்துவிடும்.

மாவரைப்பு | 10 அக்டோபர், காலை 7.15

அவசரம். கூகுள் மேப்பில் எங்கள் பக்கம் முடக்கப்பட்டிருக்கிறது. கடைப் பெயருக்குப் பின்னால் ‘பேராக்கின் சிறந்த மசாலா முறுக்கு’ என்று ஏஜென்சி சேர்த்திருக்கிறது.

செம்பனை ரோடு | 10 அக்டோபர், காலை 7.40

பெயர்க் கட்டத்தில் பலகையில் இருக்கும் பெயர் மட்டும்தான் இருக்கலாம். முதலில் அந்த வால் பகுதியை அழியுங்கள். மேலாளர் பட்டியலில் ஏஜென்சியை நீக்குங்கள், முதன்மை உரிமையாளர் நீங்கள் என்பதால் முடியும். பிறகு மேல்முறையீடு. எஸ்எஸ்எம் (நிறுவனப் பதிவு ஆணையம்) பதிவுச் சான்றிதழ், பெயர்ப் பலகை தெரியும் கடை முகப்புப் படம், அதே முகவரியில் கரண்ட் பில், மூன்றையும் முதலிலேயே தயாராக எடுத்து வைத்துக்கொண்டு படிவத்தைத் திறங்கள். புதுப் பக்கம் ஒன்றைத் திறந்துவிடாதீர்கள், இரட்டைப் பக்கம் என்று அதுவும் முடங்கும், பழைய விமர்சனங்களும் போகும்.

மாவரைப்பு | 16 அக்டோபர், மாலை 6.20

திரும்பி வந்துவிட்டது. நன்றி தங்கச்சி.

மாவரைப்பு | 9 நவம்பர், இரவு 9.30

இரண்டு மாத நோட்டு. செலவு 2,264. புதிய ஆர்டர் 212, சராசரி மூன்று பாக்கெட். திரும்பி வந்தவர்கள் 74. எல்லாம் சேர்த்து 858 பாக்கெட், 2,316 வெள்ளி. காசு திரும்பிவிட்டது அண்ணே.

ஒட்டுப்பால் | 9 நவம்பர், இரவு 10.15

212 பேர் எங்கே பார்த்தார்கள்?

மாவரைப்பு | 9 நவம்பர், இரவு 10.40

சம்பள வார விளம்பரம் 128. ரீல்ஸ் 19. பக்கத்து வீட்டுப் பாக்கெட்டில் இருந்த அட்டையைப் பார்த்து 65.

ஒட்டுப்பால் | 9 நவம்பர், இரவு 11.05

அந்த 65 ஏஜென்சிக் கணக்கில் வராது தங்கச்சி, அது உங்கள் மசாலா பேசியது. 147 ஆர்டர் என்றால் 441 பாக்கெட், 1,190 வெள்ளி. திரும்பி வந்த 74-இல் இந்த 147-ஐச் சேர்ந்தவர்கள் எத்தனை?

மாவரைப்பு | 10 நவம்பர், காலை 6.50

51.

ஒட்டுப்பால் | 10 நவம்பர், மதியம் 12.30

153 பாக்கெட், 413 வெள்ளி. மொத்தம் ஏறக்குறைய 1,604. செலவைவிட 660 குறைவு. ரீல்ஸுக்கு மட்டும் இரண்டு மாதத்தில் 600 போயிருக்கிறது, 19 ஆர்டருக்கு. பள்ளம் ஏறக்குறைய அங்கேதான்.

நவம்பரோடு ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்க வேண்டாம். விளம்பரத்தை அமைத்துக் காட்டச் சொல்லி இந்தக் கடைசி மாதத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள், கணக்கும் வரலாறும் உங்களிடமே இருக்கிறது. டிசம்பர் 5 முதல் 12 வரை நாளுக்கு 25, வரியோடு எட்டு நாளுக்கு 216 வெள்ளி. 80 பாக்கெட் போனால் போதும். அட்டையை இரண்டாயிரம் அச்சடியுங்கள்.

மாவரைப்பு | 10 நவம்பர், இரவு 8.45

அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். பின்பக்கத்தில் மீன் கறி அளவு போட்டிருக்கிறேன், அரைக் கிலோ மீனுக்கு மூன்று மேசைக்கரண்டி.